சார்ட் காலி, ஆனால் காட்பாடியில் இடிமழை: விமான வானிலை வரைபடத்தை வேலூருக்கு எப்படிப் படிப்பது?

காட்பாடி ஜங்ஷன்:
எல்லாருக்கும் வணக்கம். டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் வானிலையியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், வீடு காட்பாடி. புத்தகத்தில் இருப்பது கண்ணுக்கும் பழக வேண்டும் என்று தினமும் சிக்வெக்ஸ் சார்ட்டை, அதாவது விமானங்களுக்குத் தொந்தரவான வானிலையைக் காட்டும் வரைபடத்தை, எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் எங்கள் ஊர் வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நேற்று சார்ட்டில் வட தமிழ்நாடு முழுக்கக் காலி. இடிமேகப் பரப்பைச் சுற்றிப் போடும் அலைக்கோடும் இல்லை, இடிமேகத்தைக் (குமுலோநிம்பஸ்) குறிக்கும் சிபி என்ற எழுத்தும் இல்லை, கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் ஜெட் காற்றுக்கு மட்டும் ஒரு தடித்த கோடு இருந்தது. ஆனால் நாலரை மணிக்கு விருதம்பட்டு பக்கம் புழுதி கிளம்பி, அடுத்த அரை மணிக்குள் எதிர்வீடு தெரியாத மழை, ஓயாத இடி, கரண்ட்டும் போனது. சென்னை விமான நிலையத்து டாஃப் (விமான நிலையத்துக்கான வானிலை முன்னறிவிப்பு) பார்த்தால் அதிலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் இடிமழை என்று போட்டிருந்தார்கள். சார்ட் தப்பா, நான் படிக்கிற விதம் தப்பா, இல்லை வேலூருக்கு இதெல்லாம் பொருந்தவே பொருந்தாதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

முகில்:
முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். சார்ட்டில் போட்டிருப்பது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். 00, 06, 12, 18 என்று நான்குதான் வரும், நம் நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்ட வேண்டும். 06 சார்ட்டைப் பார்த்துவிட்டுச் சாயங்கால மழையைத் தேடினால் கிடைக்காது, அது காலை 11.30-க்கானது. இன்னொன்று, அந்த ஒரு நேரத்தில் வானம் எப்படி இருக்கும் என்றுதான் அது காட்டும், அடுத்த ஆறு மணி நேரத்துக்கும் சேர்த்து அல்ல.

காட்பாடி ஜங்ஷன்:
12 யுடிசிதான் அண்ணா, நம் நேரம் மாலை 5.30. மழை அப்போதும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

பழைய பலூன்காரர்:
தம்பி, சார்ட்டும் தப்பில்லை, நீங்கள் படித்ததும் தப்பில்லை. அது யாருக்காகப் போட்டது என்று பாருங்கள், குழப்பம் பாதி தீர்ந்துவிடும். நான் வானிலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயர்மட்ட சிக்வெக்ஸ் சார்ட்டை உலகத்தில் இரண்டே மையங்கள்தான் தயாரிக்கின்றன, ஒன்று லண்டன், இன்னொன்று வாஷிங்டன். 25,000 அடிக்கு மேலே கண்டம் விட்டுக் கண்டம் போகிறவருக்கு வழியில் பெரிய தொந்தரவு எங்கே என்று சொல்வதுதான் அதன் வேலை, அதையும் ஒரு நாள் முன்னாடியே போட்டுவிடுகிறார்கள். தனியாக நிற்கும் சிபி மேகத்தை அதில் போடுவதே கிடையாது. ஒரு பரப்பில் பாதிக்கு மேல் சிபி இருந்தால் ஆகேஷனல், முக்கால் பங்கைத் தாண்டினால் ஃப்ரீக்வென்ட், வேறு மேகக் கூட்டத்துக்குள் ஒளிந்து நின்றால் எம்பெடட். இந்த வகையில் ஏதாவது ஒன்றாக இருந்தால்தான் அலைக்கோட்டுக்குள் இடம் கிடைக்கும். நேற்று உங்கள் பக்கம் வந்தது ஆளுக்கொரு திசையில் நின்ற நாலைந்து மேகம்தான். கீழே இருக்கிற உங்களுக்கு அது பேய் மழை, மேலே போகிறவருக்குப் பத்துப் பதினைந்து மைல் ஒதுங்கினால் தீர்ந்தது. ஆக, சார்ட் காலி என்றால் மேகம் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சுற்றிப் போக இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கும் இதை மனதில் வையுங்கள், பறக்கப் போனால் இன்னும் அதிகமாக வையுங்கள்.

அப்புறம் கட்டத்தின் அளவு. அந்த மையங்கள் தரும் காற்று, வெப்பநிலைத் தகவல் பல வருடம் 1.25 பாகைக் கட்டத்தில்தான் வந்தது. நம் ஊர்ப் பக்கம் அது சுமார் 135 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து வேலூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 113 கிலோமீட்டர்தான். கடற்கரை, வயல்வெளி, பாலாறு, வேலூரைச் சுற்றி நிற்கும் கரடு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிப் போகும். இப்போது 0.25 பாகை வரை வந்துவிட்டார்கள், பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் அது 27 கிலோமீட்டர். பாலமதி மலைக்கு ஒரு பக்கம் மழையும் மறுபக்கம் வெயிலுமாக இருப்பதை அந்தக் கட்டத்தில் எங்கே காட்டுவது?

டாஃப் விஷயம் வேறு. அது விமான நிலையத்தைச் சுற்றி எட்டு கிலோமீட்டர் அளவுக்கான முன்னறிவிப்பு. பக்கத்தில் என்று குறிப்பிட்டாலும் 16 கிலோமீட்டரோடு முடிந்தது. சென்னை டாஃப் மீனம்பாக்கத்துக்குச் சொல்கிறது, பூந்தமல்லியைத் தாண்டினாலே அதற்குப் பொறுப்பில்லை. சிக்மெட் என்று ஒரு எச்சரிக்கை உண்டு, சென்னை வான்பகுதி முழுமைக்கும் சென்னையில் இருக்கும் வானிலைக் கண்காணிப்பு அலுவலகம் கொடுப்பது, நான்கு மணி நேரம் வரைக்கும் செல்லும். அதிலும் தனித்தனி இடிமேகம் சேராது. உங்கள் நேற்றைய மழை இந்த மூன்று வலையிலும் சிக்காமல் நழுவிய மழை.

காட்பாடி ஜங்ஷன்:
மிக்க நன்றி ஐயா. "சுற்றிப் போக இடம் இருக்கிறது" என்று எந்தப் புத்தகத்திலும் இப்படிப் போட்டுப் பார்க்கவில்லை. அப்படியானால் எங்கள் ஊருக்கு எதைத்தான் பார்ப்பது? வேலூருக்கு டாஃப் கிடையாது, கிழக்கே சென்னை, வடக்கே திருப்பதி, மேற்கே பெங்களூரு, மூன்றுமே தூரம்.

மழைமானி ஆற்காடு:
தம்பி, எனக்கு விமானம் பற்றித் தெரியாது. மாடியில் மழைமானி வைத்துக் குறித்து வருகிறேன், களத்தில் சொர்ணவாரி நெல் கிடக்கும்போது வானத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. நான் பார்த்த வரைக்கும் சொல்கிறேன், சரியா என்று ஐயா சொல்லட்டும்.

ஆடி, ஆவணியில் மத்தியானம் ரெண்டு மணிக்குச் சித்தூர், பலமனேர் திசையில் மேகம் காலிஃப்ளவர் மாதிரி குவிந்து எழும். அது தினமும் எழும், அதை நம்பி நெல்லை அள்ளினால் வேலை கெட்டுவிடும். மூணு மணிக்கு மேற்குக் காற்று என்ன செய்கிறது என்று பார்ப்பேன். வேப்பமரம் ஓயாமல் கிழக்கே சாய்ந்துகொண்டே இருந்தால் அன்றைக்கு மழை வராது, மேகம் வெறுமனே தலைக்கு மேல் கடந்து போகும். காற்று திடீரென்று நின்று, இலை அசையாமல், புழுக்கம் கழுத்தைப் பிடிக்கிறது என்றால் தார்ப்பாயை எடுத்துவிடுவேன். அதற்கப்புறம் காவேரிப்பாக்கம் பக்கமிருந்து கிழக்குக் காற்று லேசாக வீச ஆரம்பித்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், விளக்கு வைப்பதற்குள் கொட்டும். ரெண்டு காற்றும் எங்கே முட்டிக்கொள்கிறதோ அங்கேதான் மழை. சில நாள் வாலாஜாவில் முட்டும், சில நாள் எங்கள் தெருவில், சில நாள் அரக்கோணத்தோடு நின்றுவிடும்.

பழைய பலூன்காரர்:
அம்மா, நீங்கள் எழுதியதில் மாற்ற ஒரு வரிகூட இல்லை. அந்தக் கிழக்குக் காற்று கடல்காற்று. சென்னையில் மத்தியானம் நுழைந்து, மேற்குக் காற்று விட்டுக்கொடுக்கும் அளவுக்கு உள்ளே வந்துகொண்டே இருக்கும், ஈரம் நிறைந்த, குளிர்ந்த, பாரமான காற்று அது. மேற்கிலிருந்து வருவது காய்ந்த, சூடான, லேசான காற்று. இரண்டும் முட்டும் கோட்டில் காற்று மேலே தூக்கப்படுகிறது, சிபி அங்கேதான் பிறக்கிறது. பருவமழை வடக்கே இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்து நாட்டின் நடுப்பகுதி காய்கிற நாட்களில் நமக்கு மழை கூடுவதற்கும் இது ஒரு காரணம். அப்போது மேற்குக் காற்று தளர்ந்துவிடுகிறது, கடல்காற்றுக்கு வழி கிடைக்கிறது.

மேற்குக் காற்று ஏன் இவ்வளவு காய்ந்து வருகிறது என்றும் யோசியுங்கள். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வேலூர் 215 மீட்டர் சுமார். காய்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 9.8 டிகிரி சூடாகும். கிட்டத்தட்ட 700 மீட்டர் இறக்கத்தில் ஏறக்குறைய ஏழு டிகிரி. பெங்களூரில் 30 டிகிரி இருந்த காற்று வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாற்றுப் பள்ளத்தில் இறங்கி வேலூர் வந்து சேரும்போது 37. வேலூர் வெயிலுக்குப் பாறையை மட்டும் காரணம் சொல்கிறார்கள், இந்த இறக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜோலார்பேட்டை லோகோ:
எல்லாம் சரி, இந்தக் காலத்தில் எதற்கு சார்ட்? ரேடார் படம் போனிலேயே வருகிறது. சிவப்பு வந்தால் மழை, இல்லாவிட்டால் இல்லை. மேகம் மேற்கிலிருந்து நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்.

முகில்:
ரேடாரைப் பார்க்கத்தான் வேண்டும், நானும் அதிலேயே குடியிருக்கிறேன். ஆனால் அது எங்கே இருந்து பார்க்கிறது என்பதையும் பாருங்கள். சென்னை டாப்ளர் ரேடார் துறைமுகத்துப் பக்கம் 2002-இல் வந்தது, வேலூர் அங்கிருந்து சுமார் 125 கிலோமீட்டர். ரேடார் கதிரை அரை டிகிரி சாய்வில் அனுப்பினாலே, பூமியின் வளைவும் சேர்ந்து, வேலூருக்கு வரும்போது அதன் மையம் தரையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில்தான் போகிறது. அதற்கு வெகு கீழே, தரையை ஒட்டி நடப்பது அதன் கண்ணில் படாது. ஆற்காட்டு அக்கா சொன்ன இரண்டு காற்றும் முட்டுவது தரையை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்குள். மேகம் உயர்ந்து வளர்ந்த பிறகுதான் திரையில் புள்ளி விழும். ஜோலார்பேட்டை இன்னும் தூரம், அங்கே கதிர் இன்னும் மேலே போகும். ரேடார் பிறந்த மழையைக் காட்டும். எங்கே பிறக்கும் என்று தெரிய வேண்டுமானால் சார்ட்டும் காற்றும்தான்.

ஜோலார்பேட்டை லோகோ:
இந்த இரண்டு கிலோமீட்டர் கணக்கு எனக்குப் புதுசு. அதனால்தான் ஏலகிரி அடிவாரத்தில் தூறிக்கொண்டிருக்கும்போது படத்தில் வெறும் காலியாக இருக்கிறதா?

முகில்:
ஆமாம், தாழ்ந்த மேகத்துத் தூறலுக்கு அது பொருந்தும். மலையில் ஒதுங்கும் மேகம் பெரும்பாலும் அந்த உயரத்துக்கு வளர்வதே இல்லை.

காட்பாடி ஜங்ஷன்:
நேற்று இன்னொன்று கவனித்தேன், அதையும் கேட்டுவிடுகிறேன். மழை விட்ட பிறகு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மேகத்தின் அடிப்பாகம் கிழக்கே, ராணிப்பேட்டை பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதன் உச்சியில் பட்டடை போலத் தட்டையாக விரிந்த வெள்ளைப் பகுதி நேர் எதிரே, குடியாத்தம் பக்கம் மேற்கே நீண்டுகொண்டே போனது. ஒரே மேகம் எப்படி இரண்டு பக்கமும் போகும்?

பழைய பலூன்காரர்:
தம்பி, அதைப் பார்த்தீர்களே, அதுவே பாதி பாடம். சார்ட்டில் நீங்கள் பார்த்த தடித்த கோடு அதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்று ஓடுகிறது, வெப்பமண்டலக் கீழை ஜெட் என்று பெயர். 80 நாட்ஸுக்குக் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) குறையாமல் இருந்தால்தான் ஜெட்டைச் சார்ட்டில் வரைவார்கள். அந்தக் கோட்டில் ஒரு முக்கோணக் கொடி 50 நாட்ஸ், முழுக் கோடு 10, அரைக் கோடு 5, அதைக் கூட்டி வேகத்தைப் படித்துக்கொள்ளுங்கள். இந்த ஜெட்டை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டவர், பி. கோட்டீஸ்வரம், 1958-இல் கட்டுரை எழுதினார், பிற்பாடு வானிலைத் துறைத் தலைமை இயக்குநராகவும் இருந்தார். மேகத்தின் உடம்பைத் தள்ளுவது சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்து மேற்குக் காற்று, தலையை இழுப்பது அந்த ஜெட். அதனால்தான் வேலூரில் மழை பெய்து முடிந்து அந்த மேகம் இரவில் சென்னைக்குப் போகிறது. சென்னை டாஃபில் எட்டு மணிக்கு மேல் இடிமழை என்று போட்டிருந்தார்கள் என்றீர்களே, உங்கள் ஊர் மேகத்துக்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள்.

வலது சீட்:
விமானி ஒருவனின் பார்வையில் இரண்டு வார்த்தை. நான் சிறிய ரக விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன், சென்னை வந்து இறங்கும்போது மேற்கே அரக்கோணம், வேலூர் திசையில் மாலையில் சுவர் மாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சார்ட்டில் காலி இருந்தாலும் விமானத்து ரேடாரைப் போட்டுச் சாய்வை ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் போவோம். சிபி என்று எழுதியிருந்தாலே கடும் குலுக்கல், பனி படிதல், ஆலங்கட்டி எல்லாம் அதற்குள் அடக்கம், தனியாக எழுத மாட்டார்கள், இதைத் தேர்வில் கேட்பார்கள்.

நீங்கள் பார்த்த அந்தப் புழுதிதான் எனக்கு முக்கியம். மழைக்கு முன்னால் மேகத்திலிருந்து இறங்கிய குளிர்காற்று தரையில் மோதிப் பரவுகிறது, மேகத்துக்கு இருபது கிலோமீட்டர் முன்னாலும் வந்துவிடும். இறங்கும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று, அடுத்த நொடிகளில் பின்காற்று, வேகம் சட்டென்று விழும். வேலூரின் அப்துல்லாபுரம் ஓடுதளத்தில் ஒருநாள் விமானம் இறங்கத் தொடங்கினால் மாலை நேர அட்டவணை போடுகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

வெயிலும் சும்மா இல்லை. வேலூர் 700 அடி உயரம்தான், ஆனால் 42 டிகிரியில் காற்று மெலிந்து, இறக்கைக்கும் இன்ஜினுக்கும் 4,000 அடிக்கு மேல் இருப்பது போலத்தான் தெரியும். கணக்கு எளிது: அந்த உயரத்தில் தரநிலை வெப்பநிலை சுமார் 13.6, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடி. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் ஏறுவதற்கு அதிக ஓடுதூரம் வேண்டும், சுற்றிலும் கரடு வேறு.

ஆலங்காயம்:
மலைப் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் 725 மீட்டரில் இருக்கிறது, 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் நன்றாகத் திறந்திருக்கும், ஜூலைக்கு மேல் மேகம் மறைக்கும். சமவெளியில் மேகம் வரும் முன்னாலேயே மலை மேல் மத்தியானம் குவியத் தொடங்கிவிடும், சரிவு சூடாகி காற்றை மேலே அனுப்புவதால்.

புயல் சார்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. காற்று 34 நாட்ஸுக்குக் கீழே போனதும் புயல் குறி சார்ட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிடும், விதிப்படி அதுதான் சரி. ஆனால் வலுவிழந்து உள்ளே வந்த பிறகுதான் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது, அது ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே, எங்கள் பக்கத்து ஊர் மாதிரிதான். திருவண்ணாமலை மலைச்சரிவு விழுந்ததும் அந்த நாட்களில்தான். குறி காற்றுக்குப் போடுவது, மழைக்கு அல்ல. குறி போய்விட்டது, இனி பயமில்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அவர்களைத் திருத்துங்கள்.

மழைமானி ஆற்காடு:
இதை ஆலங்காயம் எழுதியது நல்லது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்று டிவியில் சொன்னதும் இங்கே ஏரிக்கரையில் ஆட்கள் கவலையை விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு மழை அப்புறம்தான் ஆரம்பிக்கும்.

காட்பாடி ஜங்ஷன்:
எல்லாருக்கும் நன்றி. இனிமேல் தினமும் எந்த வரிசையில் பார்ப்பது என்று ஐயா ஒருமுறை சொன்னால் அப்படியே பழகிவிடுவேன்.

பழைய பலூன்காரர்:
காலையில் மீனம்பாக்கத்து வானிலை பலூன் தகவலைப் பாருங்கள், 00 யுடிசி, நம் நேரம் 5.30-க்கானது. மூன்று கிலோமீட்டர் உயரக் காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், ஈரம் எந்த உயரம் வரைக்கும் இருக்கிறது, இவ்வளவு போதும். ஆனால் அது கடலோரத்துக் காற்று, கீழே ஒரு கிலோமீட்டர் வரைக்கும் உள்ள அளவை வேலூருக்கு அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் ஊர் மத்தியான வெப்பநிலையைப் போட்டுத் திரும்பக் கணக்குப் பாருங்கள். மேற்குக் காற்று 25 நாட்ஸுக்கு மேல் என்றால் கடல்காற்று உங்கள் வரைக்கும் வருவது கஷ்டம். 10, 15 என்றால் உஷாராக இருங்கள். அடுத்தது சிக்வெக்ஸ், ஜெட் எங்கே ஓடுகிறது, பக்கத்தில் அலைக்கோடு ஏதாவது இருக்கிறதா என்று. மத்தியானத்துக்கு மேல் சார்ட்டை மூடிவிட்டு இன்சாட் செயற்கைக்கோள் படம், அரை மணிக்கு ஒருமுறை சென்னை, திருப்பதி மெட்டார் (விமான நிலையத்தின் அந்த நேரத்து வானிலை அறிக்கை). சென்னையில் காற்று கிழக்குக் காற்றாகத் திரும்பிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது சீக்கிரம் திரும்பிய நாளில் உங்கள் பக்கம் வர நேரம் நிறைய இருக்கிறது. கடைசியில் ரேடாரும் மாவட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் உடனடி எச்சரிக்கையும்.

நேரம் எல்லாவற்றையும் யுடிசியிலேயே எழுதிப் பழகுங்கள், அடைப்புக்குள் நம் நேரம். ஆற்காட்டு அம்மா பார்க்கும் வேப்பமரத்தையும் ஒரு பத்தியில் போடுங்கள். வேலூரில் தரைக் காற்றை இத்தனை நெருக்கமாகப் பார்த்து எழுதி வைக்கிற ஆட்கள் மிகக் குறைவு.

மழைமானி ஆற்காடு:
காற்று நிற்கிற நேரத்தை இன்றையிலிருந்து மணி போட்டுக் குறிக்கிறேன். தம்பி காட்பாடியில் குறித்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அரக்கோணத்தில் யாராவது இருந்தால் கடல்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்று அவர்களும் சொல்லுங்கள்.

முகில்:
அரக்கோணத்துக்கு நான் இருக்கிறேன் அக்கா. இன்று 3.50-க்குக் காற்று கிழக்குக் காற்றாகத் திரும்பிவிட்டது, லேசாகத்தான் வீசுகிறது. சோளிங்கர் மலைக்கு மேலே இப்போதைக்கு ஒன்றுமில்லை.